8 மணி நேர வகுப்புக்காக 18 மணி நேரம் அலைந்தேன்

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைப்பது என்று நாங்கள் முடிவெடுத்தபோது அவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு. ஏன் நிறுத்தினோம் என்பது தனிக்கதை. பள்ளி நாட்களில் வயிற்றுவலி என்று அழுதபடி எழுந்தவள், விடுமுறை நாட்களில் மட்டும் சிரித்துக்கொண்டு எழுந்தாள் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். வீட்டுக்கல்வியில் பாடம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பாடம் போக மிச்சமிருக்கிற வீடு, அதிலிருக்கிற கணவர், இன்னொரு குழந்தை, என் வேலை, என் உடம்பு, இதையெல்லாம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. முதல் ஒன்றரை வருடத்தில் என் நான்கு மாத வருமானத்துக்குச் சமமான பணம் போனது. கையிலிருந்த நல்ல வேலை ஒன்று போனது. எனக்கும் கணவருக்கும் நடுவில் பேச்சே கிட்டத்தட்ட நின்றுபோனது. இதே பாதையில் இப்போது கால் வைக்கிறவர் யாராவது படித்தால் உதவுமே என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நான் சரியாகச் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குக் கடிதம் கொடுக்கும் முன்பே, நாங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துவிட்டேன். இது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும், வெகு அபூர்வமாகத்தான் விலக்கு கிடைக்கும். அமெரிக்காவில் 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்கு அனுமதி வந்துவிட்டது, ஆனால் பதிவேடு வைப்பது, தேர்வு வைப்பது போன்ற விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பின்னால் பிள்ளை பொதுத்தேர்வு எழுத வேண்டுமென்றால் தனித்தேர்வராக எழுத முடியுமா, எந்த வயதில், என்னென்ன சான்றிதழ் கேட்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் போய் இதைத் தேட ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும்.

அதற்கடுத்த நாளே தப்பும் ஆரம்பித்துவிட்டது. சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டினேன். ஒன்பது மணிக்குக் கணக்கு, ஒன்பதே முக்காலுக்கு மொழிப்பாடம் என்று ஆறு பீரியட். அவள் எந்த இடத்திலிருந்து தப்பித்து வந்தாளோ, அதையே தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் மறுபடியும் வயிற்றுவலி. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் குழந்தையைச் சும்மா விடுங்கள், அப்புறம் பாடத்தை எடுங்கள் என்று. அது எனக்குத் தெரிய வந்தபோது மூன்று மாதம் ஓடிவிட்டது. தெரிந்திருந்தால் அந்த மூன்று மாதமும் அவளோடு சேர்ந்து படித்து, நடந்து, தூங்கிக் கழித்திருப்பேன்.

பாடம் ஒன்றும் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வருகைப்பதிவு, வரிசை, நோட்டு திருத்தும்வரை காத்திருப்பது என்று போகிற நேரமெல்லாம் வீட்டில் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அன்றைய வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), சிறு குழந்தைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார். என் மகள் விஷயத்தில் அது அப்படியே பொருந்தியது. இருபதாவது நிமிடம் அவள் பென்சிலின் நுனியைக் கடிக்க ஆரம்பிப்பாள். அதற்கு மேல் நான் இழுத்த ஒவ்வொரு நிமிடமும் இரண்டு பேருக்கும் கோபத்தில்தான் முடிந்தது.

ஆக, பதினோரு மணிக்கெல்லாம் பாடம் முடிந்தது. மிச்சமிருந்த அந்த நீளமான பகல்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி. "மத்த பிள்ளைங்களோட பழக வேண்டாமா? வீட்டுக்குள்ளயே வளர்ந்தா எப்படி?" பெரியம்மா கேட்டார், பக்கத்து வீட்டில் கேட்டார்கள், முடிவெட்டப் போன இடத்தில்கூடக் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு வந்து, இரவு படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஒவ்வொரு வகுப்பாகச் சேர்த்தேன். அதை இன்று ஒளிக்காமல் சொல்ல முடிகிறது. என் மகள் கேட்டாள் என்று சேர்த்தது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் ஊராருக்குக் காட்ட. நீச்சல் வாரம் இரண்டு நாள், ஜிம்னாஸ்டிக்ஸ் இரண்டு நாள், வயலின், செஸ், ஓவியம், அப்புறம் வீட்டிலிருந்தே கணினியில் கோடிங். நாலே மாதத்தில் ஆறு வகுப்பு. யாராவது கேட்டால் பட்டியலை ஒப்பிப்பேன், அவர்கள் வாயடைத்துப் போவார்கள், எனக்கு அன்றைக்கு மட்டும் நெஞ்சு லேசாக இருக்கும்.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் என்னைப்போல் ஏமாறுகிறவர்கள் நிறைய. ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் கோடிங்குக்கும் முழு வருடக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டினேன். மாதாமாதம் கட்டுவதைவிட இரண்டு மாதக் கட்டணம் மிச்சம் என்றார்கள். ஐந்தாவது மாதம் நிறுத்தியபோது ஒரு காசு திரும்பி வரவில்லை. ரசீதின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்று இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. வயலினைப் புதிதாக வாங்கி எட்டு மாதம் கழித்துப் பாதி விலைக்குக் கொடுத்தேன். உடைகள், நீச்சல் கண்ணாடி, பை, போட்டிக்கான நுழைவுக்கட்டணம் என்று சில்லறையாகப் போனதையும் கூட்டினால்தான் மேலே சொன்ன நாலு மாத வருமானம். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதல் மூன்று மாதம் மாதக் கட்டணம் அதிகமாக இருந்தாலும் மாதாமாதமே கட்டுங்கள். சேரும் முன் ஒரு வகுப்பாவது சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். நடுவில் நின்றால் என்ன, உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் போகாவிட்டால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாத்தியத்தை வாடகைக்கோ இரவலாகவோ எடுங்கள். பிள்ளை ஆறு மாதம் அதைத் தொட்ட பிறகு வாங்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனால் பணத்தைவிட நேரம்தான் எங்களை உடைத்தது. நான் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்பதால் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்புகளின் காத்திருப்பு அறையில், மடியில் லேப்டாப், பக்கத்தில் சின்னவன், காலுக்கடியில் மூன்று பைகள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவனுக்குத் தண்ணீர், கழிப்பறை, கதை. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதியதைப் பின்னால்தான் படித்தேன். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், புது வேலையும் அதனால் மட்டமாகப் போகும் என்கிறார். எனக்கு நடந்தது அதேதான். ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாதக் கொள்முதலை இரண்டு தடவை பதிவு செய்து அனுப்பிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "உங்களுக்கு இப்ப வீட்ல வேலை ஜாஸ்தி போலம்மா. நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று மென்மையாகச் சொன்னார். என் நிரந்தர வருமானத்தில் பெரிய பங்கு அவரிடமிருந்து வந்ததுதான். அன்றைக்கும் செஸ் வகுப்பு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். அழக்கூட முடியவில்லை, வகுப்பு முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது.

வீட்டில் கணவர் வரும்போது நாங்கள் இருக்க மாட்டோம். நாங்கள் வரும்போது அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். வாரத்தில் மூன்று நாள் வீடு திரும்ப ஒன்பதாகும். சாப்பிட்டுக் குளித்து மகள் படுக்க பத்தரை. காலை ஆறரைக்கு எழுப்பினேன். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. பள்ளி நேரத்தின் நெருக்கடியே இல்லாத குழந்தைக்கு நான் எட்டு மணி நேரம்தான் கொடுத்திருக்கிறேன். அதை இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது. வீட்டுக்கல்வியின் பெரிய வரமே குழந்தை தூங்கித் தானாக எழலாம் என்பதுதான். அதையே விற்றுத்தான் வகுப்பு வாங்கினேன்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துணி மடித்துக்கொண்டிருந்தேன். சின்னவன் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். பொம்மைகளை எல்லாம் சுவரோரமாக வரிசையாக உட்காரவைத்திருந்தான், கரடி, யானை, சக்கரம் போன லாரி, ஒரு காலி டப்பா. ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்திருந்தான். என்ன விளையாட்டு என்று எட்டிப் பார்த்தேன். கரடியின் தலையைத் தடவி, என் குரலிலேயே, "இன்னும் பத்து நிமிஷம்தான் கண்ணா. சத்தம் போடாம உட்காரு. அக்கா வந்துடுவா" என்றான். அப்புறம் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான். பொம்மைகள் உட்கார்ந்திருந்தன, அவன் நின்றுகொண்டிருந்தான், வேறு எதுவுமே அந்த விளையாட்டில் நடக்கவில்லை. மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வயதில் தொடங்கி ஐந்து வயது ஆகிவிட்டது அவனுக்கு. அந்த ஒரு வருடத்தில் அவன் கற்றுக்கொண்டது காத்திருப்பதை.

அன்றிரவு ஒரு பழைய நோட்டை எடுத்தேன். அடுத்த ஏழு நாளும் வீட்டைப் பூட்டிய நேரம், திறந்த நேரம், கிளம்பச் செலவான நேரம், வழியில், வகுப்பில், எல்லாவற்றையும் எழுதினேன். எதையும் மாற்றவில்லை, எழுத மட்டும் செய்தேன். வார முடிவில் கூட்டிப் பார்த்தால், மகள் ஆறு வகுப்பிலும் சேர்த்து இருந்தது 8 மணி நேரம்கூட இல்லை. கோடிங் போக மற்ற ஐந்துக்கும் வாரம் ஏழு தடவை வெளியே போனோம். போக வர ஏழரை மணி நேரம். செருப்பைத் தேடி, பையை நிரப்பி, இரண்டு பேரையும் கிளப்ப மூன்றரை மணி நேரம். வெளியே காத்திருந்தது ஆறே முக்கால் மணி நேரம். மொத்தம் 18 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே வாரம் வீட்டில் உட்கார்ந்து அவளோடு படித்தது 7 மணி நேரம். சின்னவனோடு மட்டும், அக்கா இல்லாமல், நான் இருந்த நேரம் என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். அதில் 40 நிமிடம் இருந்தது. வாரம் முழுக்க.

நீங்கள் ஒன்றே ஒன்று செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரு வாரம் எழுதுங்கள். வகுப்பு நேரத்தை எழுதினால் போதாது, கதவிலிருந்து கதவு வரை எழுத வேண்டும். இன்னொரு குழந்தை இருந்தால் அதற்குத் தனிக் கட்டம், கணவன் மனைவி பேசிக்கொண்டதற்கு ஒரு கட்டம், நீங்கள் தனியாக இருந்ததற்கு ஒரு கட்டம். வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்வது ஒரு மணி நேரம். உங்கள் வீடு கொடுப்பது இரண்டரை மணி நேரம். புது வகுப்பு எதையும் இப்போது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

நோட்டைக் கணவரிடம் காட்டினேன். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடினார். "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? இந்த வீட்ல நான் விருந்தாளி மாதிரி இருக்கேன். பசங்க என்ன படிக்கறாங்க, எங்க போறாங்க, எதுவுமே எனக்குத் தெரியல. கேட்டா நீ டென்ஷன் ஆகற." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு நாளாவது நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்களா என்று கேட்டேன். அன்றைக்குச் சண்டைதான். ஆனால் ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசினோம். மூன்றாவது நாள்தான் ஒரு முடிவுக்கு வந்தோம்: சனிக்கிழமை காலை முழுக்க இரண்டு பிள்ளைகளும் அவர் பொறுப்பு, அதோடு வாரம் இரண்டு மாலை கணக்குப் பாடமும்.

இதில் நான் கற்றது கடினமான பாடம். அவர் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்த முதல் மாலை, பக்கத்து அறையிலிருந்து எழுந்து போய், "அப்படி இல்ல, அவளுக்குப் படம் போட்டுத்தான் புரியும்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. விருந்தாளி என்று அவர் சொன்னதன் அர்த்தம் அதுதான். ஒரு பொறுப்பைக் கொடுத்தால் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். வேறு மாதிரிச் செய்வார், மெதுவாகச் செய்வார், ஒரு நாள் செய்யாமலும் விடுவார். அவர் பாடம் எடுக்கும் நேரத்தில் இப்போது நான் மாடிக்குப் போய்விடுகிறேன். சனிக்கிழமை காலை வீட்டில் இருக்காமலே இருந்துவிடுகிறேன். அந்த நாலு மணி நேரத்தில்தான் என் கணக்கு வேலையின் பாதி முடிகிறது, ஏனென்றால் நடுவில் யாரும் கூப்பிடுவதில்லை.

அடுத்தது வகுப்புகளைக் குறைப்பது. மகளிடம் "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லாம் பிடிக்கும் என்றுதான் சொல்வாள், நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்பதை விட்டுவிட்டு இரண்டு வாரம் கவனித்தேன். யாரும் சொல்லாதபோது கையில் எதை எடுக்கிறாள்? வயலின் பெட்டியை நான் சொல்லாமல் அவள் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. செஸ் பலகையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு தம்பிக்குக் குதிரை எப்படித் தாவும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். நீச்சலுக்கு மட்டும் அவளே பையை எடுத்து வாசலில் வைத்துவிடுவாள். ஏன் என்று பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் அங்கே ஒரு தோழி இருப்பது தெரிந்தது. ஆறு வகுப்பில் ஐம்பது அறுபது பிள்ளைகளைப் பார்த்திருப்பாள். தோழி ஒருத்திதான். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசி, வியாழக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வரவழைத்தேன். இரண்டு பேரும் மூன்று மணி நேரம் என்னதான் பேசுவார்களோ, அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். நான் இவ்வளவு செலவு செய்து தேடியது இதைத்தான்.

நீச்சலும் செஸ்ஸும் வைத்துக்கொண்டோம். மற்ற நாலையும் ஒரே வாரத்தில் நிறுத்தினோம். வயலினை நிறுத்தியதுதான் எனக்கு வலித்தது. சின்ன வயதில் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனது எனக்கு. அவளுக்கு அந்த ஆசை என்றுமே இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸை நிறுத்தினால் உடற்பயிற்சி குறைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்குக் குறைந்தது 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது வகுப்பில்தான் நடக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. மாலையில் சைக்கிள், ஓடிப்பிடித்து விளையாடுவது, தம்பியை முதுகில் சுமந்துகொண்டு ஓடுவது என்று அந்த ஒரு மணி நேரம் தானாக நிரம்பிவிடுகிறது.

நிறுத்திய முதல் மூன்று வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். "போரடிக்குதும்மா" என்று நாளுக்குப் பத்துத் தடவை வந்து நிற்பாள். எனக்குக் கை பரபரக்கும், ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடலாமா என்று. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். நாலாவது வாரம் அட்டைப்பெட்டிகளை வெட்டி தம்பிக்கு ஒரு கடை கட்டினாள், விலைப்பட்டியல் எழுதினாள், சில்லறை கொடுக்கத் தெரியாமல் அவன் அழுதபோது அவனுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கடை கூடத்தில் ஒரு மாதம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. யாரும் எடுக்கவில்லை.

இப்போது எங்கள் வாரம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், அப்படியே பின்பற்ற அல்ல, உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொள்ள. காலையில் முதல் இருபது நிமிடம் சின்னவனுக்கு. அவன் என்ன விளையாட்டு சொல்கிறானோ அது, போன் வேறு அறையில். அவன் வயிறு நிறைந்த மாதிரி ஆகிவிடுவான், அதன்பின் அக்காவின் பாட நேரத்தில் இடையில் வந்து இழுப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. பாடம் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். வெளியே போகும் வேலைகள் எல்லாம், நீச்சல், செஸ், கடை, நூலகம், செவ்வாயிலும் வெள்ளியிலும் மட்டும். திங்களும் புதனும் யார் கூப்பிட்டாலும் வீடுதான். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை ஆளுக்கொரு மூலை, புத்தகமோ படமோ தூக்கமோ அவரவர் இஷ்டம், யாரும் யாரோடும் பேசக்கூடாது. ஆரம்பத்தில் பத்து நிமிடம்தான் தாங்கியது, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வீட்டு வேலை செய்வதில்லை. ஆரம்பத்தில் செய்தேன், மூன்று மணிக்கு மறுபடியும் எரிச்சலோடுதான் எழுந்தேன்.

வீட்டு வேலையில் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்துவிட்டோம். நாள் முழுக்க நாலு பேர் வாழ்கிற வீடு, பள்ளி நாட்களில் இருந்ததைவிட இரண்டு மடங்கு அழுக்காகும், பாத்திரம் விழும். முன்பு அதை நான் ஒருத்தியே இரவு பதினொன்றுக்குச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். இப்போது பன்னிரண்டு மணிக்குப் பாடம் முடிந்ததும் கால் மணி நேரம் எல்லாரும் சேர்ந்து ஒதுங்க வைக்கிறோம். மகள் துணி மடிக்கிறாள், சின்னவன் காலுறைகளுக்கு ஜோடி தேடுகிறான். அரைகுறையாகத்தான் இருக்கும், அப்படியே விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பெரிதாகக் கைகொடுத்தது இன்னொன்று. உடம்பு சரியில்லாத நாளுக்கும், வேலை தலைக்கு மேல் இருக்கும் நாளுக்கும் தனியாக ஒரு சின்னத் திட்டம் வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கணக்கு, அரை மணி நேரம் சத்தமாக ஒரு கதைப் புத்தகம், கொஞ்சம் வெளிக்காற்று. இந்த மூன்றும் நடந்தால் அன்றைய நாள் முழுமையான நாள், குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை என்று கணவரும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். போன மழைக்காலத்தில் மூன்று பேருக்கும் மாறி மாறிக் காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் இப்படியே போனது. முந்தைய வருடமாக இருந்தால் விட்ட பாடத்தை ஈடுகட்டுகிறேன் என்று அடுத்த வாரமே அவளை வதைத்திருப்பேன். இந்த முறை பதின்மூன்றாம் நாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தோம்.

இரவில் மூன்று வரி எழுதுகிறேன். இன்று என்ன படித்தாள், எங்கே போனோம், என்ன கேட்டாள். ஐந்து நிமிடம் ஆகாது. பின்னால் பள்ளியிலோ தேர்விலோ சேர்க்கும்போது காட்ட உதவும் என்றுதான் தொடங்கினேன். இப்போது மனசு சோர்ந்து, எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லையே என்று தோன்றும் நாளில் பழைய பக்கங்களைப் புரட்டுகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை, அந்த நோட்டின் கடைசியில், ஒரு வாரக் கணக்கை மறுபடியும் கட்டம் போட்டு எழுதிப் பார்க்கிறேன். போன மாதம் வெளியே 9 மணி நேரம், சின்னவனோடு மட்டும் 4 மணி நேரம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வருடம் விட்டுப்போன வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை, வருமானம் இன்னும் பழைய அளவுக்கு ஏறவில்லை. பெரியம்மா இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார், எனக்கும் இன்னும் ஒரு நிமிடம் நெஞ்சு சுருங்கத்தான் செய்கிறது. இந்த வாரம் மகளே வந்து, செஸ் பயிற்சியாளர் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இரண்டு நாள் வகுப்பு வைக்கிறாராம், நானும் போகட்டுமா என்று கேட்டாள். வகுப்புகளைக் குறைத்த பிறகு முதல் முறையாக அவளே கேட்டது. கண் பளபளவென்று இருந்தது. எனக்குச் சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவு நாலு பேரும் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். கதவிலிருந்து கதவு வரை எவ்வளவு ஆகும் என்று இன்று அவளையே நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே தலை நிமிர்ந்து, "தம்பியும் வருவானாம்மா, இல்ல அப்பாவோட இருப்பானா?" என்று கேட்டாள். அவன் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.